நகரசபை வாசலும் வீட்டு வாசலும்

சிறு நகரமொன்றின் பெயர் பெரிய சட்ட நூல்களில் ஏறுவது அருமை. போரோ பஞ்சமோ நிகழ்ந்தாலன்றி உலகம் அத்தகைய ஊர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே ஏறக்குறைய 29,000 மக்கள் வாழும் போட் ஹியூரன் என்னும் நகரம், அதிகாரி ஒருவர் நகரவாசி ஒருவருடைய சில வார்த்தைகளைத் தம் விரல் நுனியால் அழித்த காரணத்தால் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் படிகளில் ஏறியது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, ஒன்பது நீதியரசர்களும் ஒருமனப்பட்டு அவ்வழக்கிற் கூறிய தீர்ப்பை அண்மையில் வாசித்தேன்.

முதன்முறை வாசித்தபோது என் மனம் அதிகாரியின் பக்கம் சாய்ந்தது. மறுமுறை வாசித்தபோது அந்நகரவாசியின் பக்கம் சாய்ந்தது. மூன்றாம் முறை வாசித்த பின்னரே, இஃது இருவருக்கிடையே எழுந்த வெறும் பிணக்கன்று, ஊராட்சி செய்வோர் தமக்கென வகுத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு பற்றிய வினா என்பது எனக்குத் தெளிவாயிற்று. அவ்வினாவை வாசகர் முன் வைப்பதே என் நோக்கம்.

ஊரின் பழங்கதை

வழக்கைக் கூறுமுன் ஊரைக் கூறவேண்டும். ஹியூரன் பேரேரியின் தென்முனையிலே நீர் குறுகிச் சென் கிளயர் ஆறாக ஓடத்தொடங்கும் இடத்தில் போட் ஹியூரன் அமைந்திருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரை கனடா. அங்கே சார்னியா நகரம். 1891இல் ஆற்றின் அடியிற் குடைந்த சுரங்கம் வழியாகப் புகையிரதம் இரு நாடுகளையும் இணைத்தது. 1938இல் ஆற்றின் மேலே பெரும் பாலம் எழுந்தது. எல்லைப்புறத்து ஊராதலின், ஆட்களும் பொருள்களும் செய்திகளும் வந்து போகும் வழியாக அது விளங்கிற்று.

1854இல் ஏழு வயதுச் சிறுவனொருவன் பெற்றோருடன் அங்கு குடியேறினான். தோமஸ் அல்வா எடிசன் என்பது அவன் பெயர். விஞ்ஞானியாகப் பின்னாளில் உலகம் போற்றிய எடிசனை நம் மாணவர் அறிவர். பத்திரிகைக்காரனாகிய எடிசனை அறிந்தோர் சிலரே. பன்னிரண்டு வயதளவில் அவன் போட் ஹியூரனுக்கும் டெற்றொயிற் நகருக்குமிடையே ஓடிய புகையிரதத்திற் பத்திரிகையும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினான். 1862 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஷைலோ என்னுமிடத்திற் பெருஞ்சமர் மூண்டது. சிறுவன் தந்தி அலுவலரை இணக்கி, வழியிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் அச்செய்தியை முன்கூட்டியே அனுப்பச் செய்தான். நிலையத்தார் அதனை அறிவித்தற் பலகையில் எழுதி வைத்தனர். வண்டி போய்ச் சேருமுன்னரே ஒவ்வொரு நிலையத்திலும் சனம் திரண்டுவிட்டது. ஐந்து சதம் விற்ற தாள், போட் ஹியூரனை அடைந்தபொழுது இருபத்தைந்து சதத்துக்கு விலைபோயிற்று என்று எடிசனே பிற்காலத்திற் கூறியிருக்கிறார். வெறும் அறிவித்தற் பலகைக்கு எத்துணை வலிமை உண்டென்பதை அவ்வூர் அன்றே கண்டது.

அதே ஆண்டில் அவன் ஓடும் வண்டியின் பொதிப் பெட்டிக்குள் சிறு அச்சுப்பொறியை வைத்துத் தானே ஒரு வாரத்தாளை அச்சிட்டு விற்றான். பின்னர் ஊர்வம்பு பேசும் தாளொன்றையும் வெளியிட்டான். அதிலே தம்மைப் பற்றி எழுதியதைக் கண்டு சினந்த ஒருவர், இளம் ஆசிரியனைப் பிடித்து ஆற்றிலே தூக்கி எறிந்தார் என அவன் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். தனக்குப் பிடிக்காத சொல்லை இல்லாமற் செய்ய வேண்டுமென்ற ஆசை மனிதனுக்குப் புதிதன்று.

இன்னுமொரு செய்தி. 1962 யூன் மாதத்திலே, நகருக்கு வடக்கே இருந்த தொழிற்சங்கப் பாசறையொன்றில் ஏறக்குறைய அறுபது இளைஞர் கூடினர். சனநாயக சமுதாயத்துக்கான மாணவர் என்ற இயக்கத்தினர் அவர்கள். டொம் ஹெய்டன் என்பவர் எழுதிய முன்வரைவை அங்கு விவாதித்துத் திருத்தி, ஓர் அறிக்கையை வெளியிட்டனர். இன்றும் அது போட் ஹியூரன் அறிக்கை என்றே வழங்குகிறது. தம் வாழ்வைப் பாதிக்கும் முடிவுகளை எடுப்பதில் மக்களுக்கு நேரடியான பங்கு இருத்தல் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர்நாடி. அறுபதுகளின் மாணவர் எழுச்சிக்கு வித்திட்ட ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

அவ்வூரின் கதையில் இவற்றுக்குப் பின்னே வந்து சேர்ந்ததுதான் முகநூல் வழக்கு.

முகாமையாளரின் பக்கம்

போட் ஹியூரனில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது நகரசபையை. அச்சபை, சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவரை நியமிக்கும். நகரத்தின் அன்றாட நிருவாகம் அவர் பொறுப்பு. அவர் வாக்குக் கேட்டு வீடுவீடாக வந்தவரல்லர். ஆயினும் ஊரார் நாடோறும் உணரும் ஆட்சி அவருடைய கையினாலேயே நடைபெறுகிறது. 2014இல் அப்பதவிக்கு ஜேம்ஸ் பிரீட் நியமனம் பெற்றார்.

முகநூலில் அவருடைய பக்கம் அதற்கு முன்பே இருந்தது. 2008க்கு முன்னர், கல்லூரி மாணவராக இருந்த காலத்தில் நண்பருடன் அளவளாவுவதற்காக அவர் தொடங்கிய பக்கம் அது. முகநூலில் ஒருவர் 5,000 நண்பருக்கு மேற் சேர்த்துக்கொள்ள இயலாது. அவ்வெல்லை நெருங்கியதும், எவரும் பார்த்துக் கருத்துக் கூறக்கூடிய பொதுப்பக்கமாக அதனை மாற்றினார். முகாமையாளரானதும் பதவியின் பெயரை அதிற் பொறித்தார். நகரசபையின் இணையத்தளமும் பொது மின்னஞ்சல் முகவரியும் அங்கே இடம்பெற்றன. நகரச் சின்னத்தைச் சட்டையில் அணிந்த அவருடைய படமும் ஏறியது.

அவர் எழுதியவற்றுட் பெரும்பாலானவை வீட்டுக் கதைகளே. குழந்தையின் படம், வளர்ப்பு நாய், வீடு திருத்திய வேலை, விவிலிய வசனம் என்பன அவற்றுட் சில. அவற்றுக்கிடையே ஊர்க் காரியங்களும் வந்தன. பாடசாலைகளுக்குச் சென்றதையும் படகுத்துறைத் திருத்த வேலை தொடங்கியதையும் எழுதினார். வீடமைப்புப் பற்றிய நகரசபையின் கருத்தாய்வில் மறுமொழி அளிக்குமாறு மக்களை வேண்டினார். ஊரார் கேட்ட கேள்விகளுக்கு விடையும் கூறினார். இழிவானவை அல்லது மடமையானவை என்று தமக்குப் பட்ட கருத்துரைகளை இடையிடையே அழித்தும் வந்தார்.

2020இல் கொவிட் பெருந்தொற்று வந்தது. பக்கத்தில் வீடும் நாடும் முன்னிலும் நெருக்கமாகக் கலந்தன. குடும்பத்தார் வீட்டிற் பொழுதுபோக்கும் படம் ஒன்று; நோயுற்றோர் தொகையைக் கூறும் அறிவித்தல் இன்னொன்று; நகரசபை புதிய ஊழியரைச் சேர்ப்பதை நிறுத்திவைத்த செய்தி மற்றொன்று. அந்நாளிலே நகரவாசி ஒருவர் அங்கு வந்து, தொற்றை நகர நிருவாகம் கையாளும் முறை மிக மோசமானது, இவ்வூருக்கு இதனினும் நல்ல நிருவாகம் வேண்டும் என எழுதினார். முகாமையாளரும் நகரபிதாவும் உணவகமொன்றிலிருந்து உணவு வாங்கிச் செல்லும் படம் வெளியானபோது அவருடைய சொல் இன்னும் கூர்மையாயிற்று. ஊரார் அல்லலுறும்போது தலைவர்கள் விலையுயர்ந்த உணவகத்தில் உண்கிறார்கள், மக்களிடம் வந்து பேசவில்லை என்றார்.

முகாமையாளர் முதலில் அச்சொற்களை அழித்தார். பின்னர் எழுதியவரையே தடைசெய்தார். அன்றுமுதல் அந்நகரவாசி அப்பக்கத்தை வாசிக்கலாம். அங்கே ஒரு சொல்லும் எழுதலாகாது. அவர் வழக்குத் தொடுத்தார்.

பேசியவர் யார்?

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. பேச்சுச் சுதந்திரத்தைக் காப்பது அது. ஆனால், அது கட்டுப்படுத்துவது அரசை, தனி மனிதரையன்று. என் வீட்டுத் திண்ணையிலிருந்து என்னை ஏசுபவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நகரசபைக் கூட்டத்திலே தன்னைக் குறைகூறியவரை அக்குறைக்காக வெளியே தள்ள நகரபிதாவுக்கு உரிமை இல்லை. நகரவாசி சார்ந்து நின்ற சட்டமோ 1871இல் இயற்றப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைத் தென் மாநிலங்களிற் கொடியோர் வதைத்தபோது, அதிகார பலத்தைக் கொண்டு ஒருவருடைய உரிமையைப் பறிப்போரை நீதிமன்றுக்கு இழுப்பதற்காக எழுந்த சட்டம் அது. அச்சட்டமும் அரசின் பெயரால் இயங்குவோரையே சுட்டுகிறது.

ஆகவே, வழக்கின் முடிச்சு முழுவதும் ஒரே கேள்வியில் இருந்தது. அச்சொற்களை அழித்தது பிரீட் என்ற மனிதரா? போட் ஹியூரன் நகரமா?

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் மனிதரே என்றன. அப்பக்கத்தை நடத்துவது அவருடைய பதவிக் கடமையன்று என்பது மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் காரணம். உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, புதிய அளவுகோலொன்றைத் தந்து, மீண்டும் ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஏமி கோனி பரெற். அளவுகோலுக்கு இரண்டு படிகள் உண்டு. குறித்த விடயம் பற்றி அரசின் சார்பிற் பேசுவதற்கு அவ்வதிகாரிக்கு உண்மையான அதிகாரம் இருந்ததா என்பது ஒன்று. அச்சொல்லைச் சொன்னபோது அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவதாகவே அவர் சொன்னாரா என்பது மற்றது. இரண்டுக்கும் விடை ஆம் என்றால் மட்டுமே அது நகரத்தின் செயல்.

தீர்ப்பிலே எளிய உதாரணம் ஒன்று வருகிறது. பாடசாலைச் சபைத் தலைவர் ஒருவர், தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள் நீங்கிவிட்டன என்று சபைக் கூட்டத்தில் அறிவிக்கிறார். மறுநாள் மாலை, வீட்டு முற்றத்தில் நண்பருடன் விருந்துண்ணும்போது அதே செய்தியைச் சொல்கிறார். செய்தி ஒன்றே, சொன்னவரும் ஒருவரே. ஆயினும் முன்னது பதவியின் பேச்சு. பின்னது அயலவனின் பேச்சு.

இவ்விடத்திலேதான் முதன்முறை வாசித்தபோது என் மனம் முகாமையாளர் பக்கம் சாய்ந்தது. ஓர் உத்தியோகத்தரும் மனிதரே. அவருக்கும் நண்பருண்டு, குழந்தையின் படத்தைக் காட்டி மகிழும் ஆசையுண்டு. பதவி ஏற்ற காரணத்தால் வீட்டு வாசலையும் ஊருக்குத் திறந்துவிட வேண்டுமென்றால், மானமுள்ளவர் எவரும் ஊர்ப்பணிக்கு வரமாட்டார்.

மறுமுறை வாசித்தபோது வேறொன்று கண்ணிற் பட்டது. அப்பக்கத்துக்கு வந்த நகரவாசி, குழந்தையின் படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. தொற்றைப் பற்றியும் நகர நிருவாகத்தைப் பற்றியுமே பேசினார். நகரசபையின் கருத்தாய்வுக்கு மறுமொழி கேட்டதும் அதே பக்கம். நோயாளர் தொகையை அறிவித்ததும் அதே பக்கம். பக்கத்தின் நெற்றியிலே பதவியின் பெயரும் இருந்தது. இது நகரத்தின் வாசல் என்று அவர் எண்ணியது பெரும் பிழையாகுமோ? அதிகாரம் எந்தச் சட்டத்தில், எந்த வழக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதைச் சட்டத்தரணி தேடலாம். தொற்றுக் காலத்தில் அச்சத்துடன் செய்தி தேடிய மனிதர் எங்ஙனம் தேடுவார்?

இந்த இடர்ப்பாட்டை நீதிமன்றமும் உணர்ந்திருக்கிறது. இது என் சொந்தப் பக்கம், இங்கு கூறுவன என் கருத்துகளே என்று ஒரு வரி எழுதியிருந்தால், அவ்வதிகாரிக்குச் சார்பான வலுவான அனுமானம் எழும் என்று தீர்ப்புக் கூறுகிறது. போட் ஹியூரன் பக்கத்தில் அவ்வரி இல்லை. இது நகரத்தின் பக்கம் என்ற வரியும் இல்லை. இன்னொரு நுட்பத்தையும் தீர்ப்புக் காட்டுகிறது. கருத்துரை ஒன்றை அழிக்கும்போது எந்தப் பதிவின் கீழ் அழிக்கப்பட்டது என்று தனித்தனியே பார்க்கலாம். ஆளையே தடைசெய்தாலோ, வீட்டுக் கதையிலிருந்து மட்டுமன்றி ஊர்க் காரியத்திலிருந்தும் அவர் விலக்கப்படுகிறார். ஆதலால், இரண்டையும் ஒரே பக்கத்திற் கலந்து வைத்திருப்பவர் தம் தலையிலே கூடுதலான பொறுப்பை ஏற்றிக்கொள்கிறார்.

விதி எழுதும் வேளை

அமெரிக்கச் சிறு நகரசபைகள் பல, சமூக ஊடக விதிகள் என்ற பெயரிற் சில தாள்களை எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை வாசிப்பது சுவையான வேலையன்று. நகரசபையின் பக்கத்தில் யார் எழுதலாம், கடவுச்சொல் யார் கையில் இருக்க வேண்டும், எத்தகைய கருத்துரை நீக்கப்படும் என்பனவே பெரும்பாலும் அவற்றில் இருக்கும். அச்சுறுத்தல், ஆபாசம், வணிக விளம்பரம், பொருளுக்குப் புறம்பான பேச்சு ஆகியன நீக்கத்தக்கன என்று வரும். ஊழியர் தம் சொந்தக் கருத்தைக் கூறும்போது அது சபையின் கருத்தன்று எனத் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் வரும். போட் ஹியூரன் வழக்கை வாசித்த பின்னர் இவ்வுலர்ந்த வரிகளிலே உயிர் இருப்பதைக் கண்டேன்.

இவ்விதிகளின் அடிப்படை ஒன்றே. கருத்துக் கூறும் இடத்தை நகரசபை திறக்காமலே விடலாம். அப்பொழுது அது வெறும் அறிவித்தற் பலகை. திறந்த பின்னரோ, புகழ்ந்தவனை இருத்தி இகழ்ந்தவனை எழுப்பலாகாது. நீக்கும் விதி, சொல்லின் வகையைப் பார்க்கலாம். சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாகாது.

எழுத்தில் நேர்மையாகத் தோன்றும் விதியும் நடைமுறையிற் கோணலாகலாம். 2024 யூலை மாதத்தில் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதற்குச் சான்று. அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகம், தன் பக்கங்களிற் பொருளுக்குப் புறம்பான பேச்சைத் தடுப்பதாகக் கூறி, கொடுமை, சித்திரவதை போன்ற சொற்கள் வந்தால் அக்கருத்துரையைத் தானாகவே மறைக்கும் சல்லடை ஒன்றை வைத்திருந்தது. விலங்குகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியை எதிர்ப்போரின் சொற்கள் அவை. நிறுவகமோ அத்தகைய ஆராய்ச்சிகளைப் பற்றித் தானே எழுதி வந்தது. அங்ஙனமாயின் அச்சொற்கள் பொருளுக்குப் புறம்பானவை ஆவதெங்ஙனம் என்று வினவி, அந்தச் சல்லடையை நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

இன்னொரு விதி, மக்களின் பேச்சையன்றி உறுப்பினரின் பேச்சைக் கட்டுப்படுத்துவது. சபையின் அலுவல்கள் பொதுக்கூட்டத்திலேயே நடைபெற வேண்டும் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்தில் 1976இல் இயற்றிய சட்டம் உண்டு. கலிபோர்னியாவில் அத்தகைய சட்டம் 1953 முதல் உள்ளது. 2020இல் கலிபோர்னியா அதனைத் திருத்தி, சபை அலுவல் பற்றி ஓர் உறுப்பினர் சமூக ஊடகத்தில் எழுதியதற்கு இன்னோர் உறுப்பினர் அங்கே நேராக மறுமொழி தரலாகாது என்றது. விருப்பைக் காட்டும் சிறு குறியும் இடலாகாது. வேடிக்கையாகத் தோன்றும் இவ்விதியின் காரணம் ஆழமானது. உறுப்பினர் தமக்குள்ளே குறிகாட்டி முடிவுக்கு வந்துவிட்டால், பின்னர் கூடும் கூட்டம் வெறுஞ் சடங்காகிவிடும்.

என் முடிவு இது. உயர் நீதிமன்றத்தின் அளவுகோல் சட்டத்துக்குப் பொருத்தமானது. தனி மனிதருடைய வீட்டு வாசலை அது காக்கிறது. ஆயின் அஃது ஓர் எல்லைக்கோடு மட்டுமே. இது சட்டப்படி நகரத்தின் செயலன்று என்று நிரூபித்து ஓர் அதிகாரி வழக்கில் வெல்லலாம். அதனால் நகரத்தைப் பற்றி ஒருவர் கூறிய முறைப்பாடு கேட்கப்பட்டதாகாது. நீதிமன்றம் தீர்க்க முடியாத அக்குறையைத் தீர்க்கவே ஊராட்சியின் விதி வேண்டும். அதிகாரி தம் வீட்டுக் கதைக்கு ஒரு பக்கமும் ஊர்க் காரியத்துக்கு ஒரு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். எது எதுவென்று நெற்றியில் எழுத வேண்டும். ஊர்ப் பக்கத்திலே கசப்பான சொல்லுக்கும் இடம் வேண்டும். எதையேனும் நீக்கினால், எந்த விதியின்படி நீக்கினோம் என்பதைப் பதிந்து வைக்க வேண்டும். இவ்விதி, சினம் எழுவதற்கு முன்னரே எழுதப்பட வேண்டும். சினம் எழுந்த பின் எழுதும் விதி எவரோ ஒருவரை நோக்கியதாகவே அமையும்.

குடியியல் படிப்பிக்கும் ஆசிரியர், அரசு என்றால் என்ன என்று விளக்குவதற்கு நாடாளுமன்றத்தையும் அமைச்சரவையையும் காட்டுவது வழக்கம். அரசு என்பது சில வேளை ஓர் ஊர் உத்தியோகத்தருடைய விரல் நுனியிலும் இருக்கிறது என்பதை விளக்க இவ்வழக்கை அவர்கள் கையாளலாம். கடிந்துரைப்போரை அருகில் வைத்திருத்தல் ஆள்வோனுக்கே காவல் என்ற கருத்து நம் பழைய நீதிநூல்களில் உள்ளதை மாணவர் அறிவர். அன்று அவ்வுரை அரசனின் செவியை அடைய அமைச்சன் வேண்டியிருந்தது. இன்று ஊரிலுள்ள எவரும் தாமே வந்து சொல்லக்கூடிய வழி பிறந்திருக்கிறது.

போட் ஹியூரனின் நகரவாசி கூறியவற்றுள், இவ்வூருக்கு இதனினும் நல்ல நிருவாகம் வேண்டும் என்ற சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது நியாயமான குறையோ அன்றோ, நான் அறியேன். அந்நாட்களில் நகர நிருவாகம் தன்னால் இயன்றதைச் செய்திருக்கவும் கூடும். ஆனால், தன் ஊரைப் பற்றி அக்கறையில்லாதவன் அவ்வார்த்தையை எழுதமாட்டான். அதற்கு விடையாக நான்கு வரி எழுதியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கக்கூடிய பேச்சு, அழிக்கப்பட்டதனால் நான்கு ஆண்டுகள் கடந்து நாட்டின் தலையாய நீதிமன்றம் வரை சென்றது.